நாற்பது பச்சை

அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக நாத்தனார் முதலுதவி அறைக்குள் வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, "ஊத்துங்க அண்ணி" என்றாள். நர்சம்மா அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே ரத்தமாகச் சிவந்திருந்தது. சொட்டு விழுந்ததும் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டாணியைப் பார்த்து அழுகிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் கிடங்கில் உறைந்த பட்டாணியைப் பைகளில் நிரப்புவது அவள் வேலை. குளிருக்குக் கண் அப்படித்தான் இருக்கும் என்று அங்கே எல்லாரும் எல்லாருக்கும் வைத்தியம் சொல்வார்கள். எழுந்து போகும்போது கோட்டுக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். கோட்டுக்கும் கையுறைக்கும் நடுவில், மணிக்கட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பட்டையில் பச்சைப் புள்ளி சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. அவள் போன பிறகு நர்சம்மா மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு குப்பி இரண்டு மாதம் வரும். இதைத் திறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அடியில் கால் விரற்கடை மிச்சம் இருந்தது.

நர்சம்மா என்று பெயரே தவிர அவள் நர்ஸ் இல்லை. ஆறு மாத முதலுதவிப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள், அவ்வளவுதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதால் அந்தக் குளிர்கிடங்கில் அவளே நர்ஸ், அவளே டாக்டர், பல்வலி வந்தால் அவளே பல் டாக்டர். கட்டுத்துணி, தைலம், சொட்டு மருந்து, காய்ச்சல் மாத்திரை, இவற்றோடு ஒரு அலமாரி, ஒரு கட்டில், ஒரு மேசை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ரூம். பகலெல்லாம் கம்ப்ரசர் உறுமுவதில் அலமாரிக் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்ப்ரசரை ஓட்டுகிறவன் அவள் புருஷன். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் பதினொரு வருஷமாகப் பகல் பொழுதெல்லாம் இருவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். சுவர் இருப்பதால்தான் குடும்பம் நடக்கிறது என்று நாத்தனார் கேலி செய்வாள்.

பட்டையும் அவள் பொறுப்புதான். ஆபீஸில்தான் அது பட்டை, தொழிலாளிகளுக்கு அது முதல் நாளே அட்டை ஆகிவிட்டது. ஒட்டிக்கொண்டால் விடாது, நம் உடம்பிலிருந்தே சாப்பிடும் என்று பெயர்க்காரணமும் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சோதனைக்காக வந்தது. ரப்பரைவிட மெல்லிசு. தோலோடு தோலாக நீளும், தோலோடு தோலாகச் சுருங்கும். தனியாக பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. மணிக்கட்டு மடங்கி நிமிரும் ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற துளி மின்சாரத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு, அதை வைத்தே காற்றை மோந்து பார்க்கும், அதை வைத்தே விளக்கும் எரித்துக்கொள்ளும். கிடங்குக் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. எங்காவது கசிந்தால் பட்டை சிவக்கும். ஒருவர் கையில் சிவந்தாலும் எல்லாரும் போட்டது போட்டபடி முற்றத்துக்கு ஓடிவிட வேண்டும். சோதனை முடிகிற வரைக்கும், வீட்டில் தூங்கும்போதுகூட, பட்டையைக் கழற்றக் கூடாது. கழற்றினவர்கள் பெயர் ஆபீஸுக்குப் போகும்.

பட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்த ஆராய்ச்சிக்கூடத்துக்காரர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், கோபமே வராத முகம். அவர் அவளுக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, பூஜ்யம் வைப்பது. உறைக்குள் இருக்கிறவரை பட்டைக்கு ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்து மூன்று தடவை இழுத்துவிட்டால் கண் விழிக்கும். விழித்த நிமிஷம் சுற்றியிருக்கிற காற்றை மோந்து, சரி, இதுதான் ஒன்றுமில்லாத காற்று என்று முடிவு கட்டிக்கொள்ளும். அதற்கு மேலே கூடுவதைத்தான் பிறகு கணக்கில் எடுக்கும். அதனால் பூஜ்யத்தைத் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். இன்னொன்று, பூஜ்யத்தை அழிப்பது. உள்ளங்கையைச் சுவரில் பதித்து, கையை நேராக நீட்டி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து நின்றால் பட்டை முழுசாக இழுபட்டு, சேர்த்து வைத்ததெல்லாம் வடிந்துபோகும். கால் மணி நேரத்தில் விளக்கு அணையும். மறுபடி மூன்று தடவை மணிக்கட்டை மடக்கினால் புதிதாகப் பிறக்கும். இதை அவரே சுவரில் சாய்ந்து செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சார் சுவரைத் தள்ளுகிறார், கொஞ்சம் பார்த்துத் தள்ளுங்க என்று சிரித்தார்கள்.

ஒட்ட வேண்டிய அன்று காலையில் மழை கொட்டியது. ஏழு மணி ஷிப்டுக்குள் நாற்பது பேருக்கும் ஒட்டி முடித்தாக வேண்டும் என்று மேனேஜர் அறை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினாள். அறைக்குள்ளேயே ஒவ்வொரு பட்டையாக உறையைக் கிழித்து, மூன்று தடவை இழுத்து, வரிசையில் வந்தவர்களின் மணிக்கட்டில் ஒட்டினாள். கடைசியில் தன் கையிலும் ஒட்டிக்கொண்டாள். அறையில் கொஞ்சம் நெடி இருந்தது. எப்போதும் இருப்பதுதானே. பதினொரு வருஷமாக அதே அறையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது நெடியே இல்லை, அறையின் வாசனை. பெட்டியோடு வந்த படிவத்தில் "திறந்த வெளியில் பூஜ்யம் வைக்கப்பட்டதா?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்கிற கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டாள். மழைக்காக ஒரு பொய், அதுவும் கோட்டளவு பொய். அதற்குப் பிறகு அதை மறந்தே போனாள்.

பத்தொன்பது நாள் கழித்துப் புதிதாக ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வேலைக்குச் சேர்ந்தான். அவன் வந்த நேரம் நர்சம்மா மருந்துப் பார்சலை வாங்கிக்கொள்ள வாசல் கேட்டில் நின்றிருந்தாள். பையில் மிச்சம் இருந்த இரண்டு பட்டைகளில் ஒன்றை எடுத்து, கேட் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்து, மூன்று தடவை இழுத்து அவன் கையில் ஒட்டிவிட்டாள். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு மூன்றாம் கிடங்குக் கதவுக்குள் நுழைந்தான். மணிக்கட்டு சிவந்தது. சொல்லிக் கொடுத்தபடி அவன் கத்தினான், சொல்லிக் கொடுத்தபடி எல்லாரும் ஓடினார்கள். முற்றத்தில் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே அவரவர் கோட்டுக் கையை ஏற்றிப் பார்த்தார்கள். எல்லார் கையிலும் பச்சை. ஓடி வருகிறபோதும் பச்சையாகத்தான் இருந்தது என்றார்கள். புது ஆள் கையிலும் முற்றத்துக்கு வந்ததும் பச்சைதான். மறுபடி உள்ளே போனான், மறுபடி சிவந்தது. மூன்றாவது தடவை ஓடி வந்தபோது யாரும் ஓடவில்லை, அவன் மட்டும் தனியாக முற்றத்தில் வந்து நின்றான். அன்று மத்தியானத்துக்குள் அவனுக்குச் சிவப்பு என்று பெயர் விழுந்துவிட்டது.

மேனேஜர் வந்தார். சிவப்பின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "நாப்பது பேரு பொய் சொல்லுவாங்களா, ஒருத்தன் பொய் சொல்லுவானா? நீங்களே சொல்லுங்க" என்றார். ஊரோடு ஒத்து வாழத் தெரியாத பட்டை என்று யாரோ சொல்ல, சிவப்பும் சேர்ந்தே சிரித்தான். கழற்றி வைக்கும்படி மேனேஜர் சொன்னார். நர்சம்மா எண்ணெய் தொட்டுப் பட்டையை உரித்து எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். புது ஆள் பட்டை இல்லாமலேயே வேலைக்குப் போனான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, குப்பியில் மருந்து தீர்ந்துவிட்டது என்று எழுதி வைப்பதற்காகப் பேனா எடுக்க டிராயரைத் திறந்தாள். உள்ளே பஞ்சும் கத்தரிக்கோலும் கிடந்த இருட்டில் சின்னதாகச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. பாவம், இன்னும் உயிர் போகவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, கிடங்குக்குள் சிவந்தது சரி, என் மேசைக்குள் எதற்குச் சிவக்கிறது என்று தோன்றியது. பட்டையை உள்ளங்கையில் மூடி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று விரல்களைப் பிரித்தாள். பச்சை. திரும்பி நடந்தாள். அறை வாசற்படியில் கால் வைத்ததும் சிவப்பு. படியில் நின்றபடி கையை வெளியே நீட்டினாள், உள்ளே இழுத்தாள், வெளியே நீட்டினாள். விளையாடுகிறவள் மாதிரி அதையே செய்துகொண்டிருந்தாள். மழை, சாத்திய ஜன்னல், வரிசையில் நின்ற நாற்பது கைகள், படிவத்தில் போட்ட கோடு, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அவளுடைய சொந்த மணிக்கட்டில் பச்சை அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. நாற்பது பேருக்கும் விஷக் காற்றைக் காட்டி இதுதான் நல்ல காற்று என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள். பட்டைகளும் நம்பிவிட்டன.

ஆனால் அன்றாட நெடி மட்டும் இந்த அளவுக்குப் போதுமா என்பது அவள் மனதை விட்டுப் போகவில்லை. குவார்ட்டர்ஸில் அவர்களுக்கு இரண்டு அறை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நாத்தனார் உள் அறையில் விளக்கடியில் அண்ணனுடைய சட்டைக் கைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சிவந்த கண்ணைச் சுருக்கி ஊசியில் நூல் கோக்க நாலைந்து தடவை முயன்றாள். நர்சம்மா குரலைத் தாழ்த்திப் புருஷனிடம் கேட்டாள். "அன்னிக்கு ஆயில் எறக்கறப்ப குழாய் தண்ணிக்குள்ள இருந்துச்சா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். கம்ப்ரசரில் தங்குகிற ஆயிலை வாரத்துக்கு ஒரு தடவை வடிக்க வேண்டும். வடிகிறபோது ஆயிலோடு அம்மோனியாவும் சீறிக்கொண்டு வரும். குழாய் முனையைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் முக்கி வைத்தால் தண்ணீர் அதைக் குடித்துவிடும். சட்டம் அப்படித்தான். எந்த அன்றைக்கு என்று கேட்டான். மழை பெய்த அன்று, பட்டை ஒட்டின அன்று என்றாள். பீப்பாய் ஓட்டை, தண்ணீர் நிற்கவில்லை, காலி டின்னில்தான் வடித்தேன், இரண்டு நிமிஷ வேலை, அதற்கென்ன இப்போது என்றான். அவள் சொன்னாள். டிராயர், வாசற்படி, சிவப்பு, பச்சை, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தட்டில் விரலால் கோடு இழுத்தான்.

"ஃபாரத்துல என்ன எழுதின?"

"வெளியில வச்சேன்னு."

"அப்ப வெளியிலதான் வச்ச" என்றான் அவன்.

கெட்டவன் இல்லை. அதை அவள் யாரிடமும் சத்தியம் செய்து சொல்லுவாள். அவனுக்கு முன்னால் கம்ப்ரசர் ஓட்டியவர் ஒரு வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போனதற்காக, ஒரே பகலில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வைத்தார்கள். பாத்திரமும் பாயும் கட்டிலுமாகத் தெருவில் நின்றதை இருவரும் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குத்தான் இவர்கள் குடிவந்தார்கள். வாசல் கதவில் அந்த வீட்டுக் குழந்தைகள் உயரம் பார்த்துப் போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டு பேசினான். மூன்றாம் கிடங்கில் ஒரு குழாய் இணைப்பு பலவீனமாக இருப்பது எனக்கும் தெரியும், அடுத்த மாதம் கிடங்கை ஒரு வாரம் மூடி அதைப் பற்றவைக்கப் போகிறார்கள், தேதிகூடக் குறித்தாகிவிட்டது என்றான். அதற்குப் பிறகு எல்லாம் தானாகச் சரியாகிவிடும். "ஒரு மாசம். ஒரு மாசம் மட்டும் வாயத் தொறக்காத" என்றான். பேசி முடித்ததும் அவனுக்கு இருமல் வந்தது. தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. உள்ளேயிருந்து நாத்தனார், யாரோ உன்னை நினைக்கிறார்கள் அண்ணே, இங்கேதான் யாரும் இல்லையே என்று சீண்டினாள்.

ஒரு மாதம் என்றதும் நர்சம்மாவுக்கும், வெட்கத்தோடுதான், கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிவிடலாம். புதுக் குப்பிகள் இரண்டுக்கு எழுதிப் போட்டாள். மூன்றாம் கிடங்குக்காரர்கள் வந்தால் சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகும்படி சொன்னாள். ஏன் என்று கேட்டால் மருந்து இறங்க வேண்டும் என்றாள். பட்டையைக் கழற்றச் சொல்லலாமா என்றால், கழற்றினால் பெயர் ஆபீஸுக்குப் போகும், ஏன் கழற்றினாய் என்பார்கள், நர்சம்மா சொன்னாள் என்பார்கள். மேனேஜரிடம் மட்டும் தனியாகச் சொல்லலாமா என்றால், படிவத்தை எடுத்து மேசையில் வைப்பார். ஆராய்ச்சிக்கூடத்துக்காரருக்குப் போன் செய்தாள். அவர் சந்தோஷமாக, எல்லாம் நன்றாகப் போகிறது, வெளியில்தானே பூஜ்யம் வைத்தீர்கள், அப்புறம் கவலையே வேண்டாம் என்றார். சரி சார் என்று சொல்லிப் போனை வைத்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுடைய கையெழுத்தே வந்து மறித்தது. இருதலைக்கொள்ளி எறும்பு என்று சொல்வார்கள், அந்த எறும்புக்காவது கொள்ளியைப் பற்ற வைத்தது வேறு யாரோ.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார். நல்ல சேதி சொல்கிறவர்களுக்கே உரிய நிதானத்தோடு பேசினார். இருபத்துநாலு நாள், நாற்பது பேர், ஒரு சிவப்புகூட இல்லை. அவர் அப்படிச் சொன்னதும் எல்லாரும் திரும்பி ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இவ்வளவு சுத்தமாக இருக்கிற கிடங்கை எதற்கு ஒரு வாரம் மூட வேண்டும் என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். பற்றவைக்கிற வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது. அதற்குப் பதில், திங்கட்கிழமை முதல் மூன்றாம் கிடங்கில் இரட்டை ஷிப்ட். விருப்பப்பட்டுச் சேருகிறவர்கள் பெயர்தான் நிரந்தர வேலைக்கான பட்டியலில் முதலில் வரும். நாத்தனார் கூட்டத்திலிருந்து முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். ஏழு வருஷமாகத் தற்காலிகம். தூக்கிய கையின் கோட்டு நழுவி, பச்சைப் புள்ளி எல்லாருக்கும் தெரிந்தது.

நர்சம்மா மெஷின் ரூம் கதவைப் பார்த்தாள். புருஷன் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அவனும் தங்கை தூக்கிய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் கண்ணைச் சந்திக்காமல் உள்ளே போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாத்தனார்தான் பேசிக்கொண்டே இருந்தாள். நிரந்தரமாகிவிட்டால் தனக்கே ஒரு குவார்ட்டர்ஸ் கிடைக்கும், அண்ணிக்கு இந்தத் தொல்லை விடும், அண்ணனுக்கு இருமத் தனி அறை கிடைக்கும் என்றாள். நர்சம்மா தனக்குள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் முற்றத்துக்கு வருவார்கள். பட்டைக்கு மாதாந்திரச் சுத்தம், ஆராய்ச்சிக்கூடத்தில் சொன்னார்கள், எல்லாரும் கால் மணி நேரம் கையைச் சுவரில் வைத்து நில்லுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். விளக்கு அணையும், புதுப் பூஜ்யம் விழும், உள்ளே போனதும் பட்டைகளே உண்மையைச் சொல்லிவிடும். தான் வாயைத் திறக்கவே வேண்டாம். பொய்க்கு ஒட்டுப்போட இன்னொரு பொய்தான், ஆனாலும் நல்ல பொய் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்குக் கம்ப்ரசர் பக்கத்து வெளிச்சுவரில் போய் வலது உள்ளங்கையைப் பதித்தாள். வெயில் பட்ட சுவர், சூடாக இருந்தது. உடம்பைச் சாய்த்தாள். உள்ளே கம்ப்ரசரின் நடுக்கம் கை வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். நர்சம்மா சுவரைத் தள்ளுகிறாள், ஒருவேளை மேனேஜர் மேல் விழுகிற மாதிரி கணக்குப் போட்டிருப்பாள் என்று ஒருவன் சொன்னான். நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"அட்டைக்கு. பழசு போயி புதுசா ஆகணும். எல்லாரையும் வந்து நிக்கச் சொல்லு."

"லேப்ல சொன்னாங்களா?"

ஆமாம் என்கிற ஒரே வார்த்தைதான் பாக்கி. இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்த வார்த்தை. நாத்தனார் தலையைச் சாய்த்து, வெயிலுக்குக் கூசுகிற கண்ணை இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். அந்தக் கண்ணில் காலையில்தான் மருந்து விட்டிருந்தாள். இமையோரம் தோல் உரிந்திருந்தது. இவளிடம் இன்னொரு பொய் சொல்ல முடியாது என்பது நர்சம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இல்ல" என்றாள். "நான் தப்பு பண்ணிட்டேன். மழை பேஞ்ச அன்னிக்கு, வெளியில வைக்க வேண்டியத என் ரூமுக்குள்ளயே வச்சுட்டேன். அந்த ரூம்ல அன்னிக்கு காத்து சரியில்ல. அதையே இது நல்ல காத்துன்னு நினைச்சுக்கிச்சு. உங்க யாரோட பச்சையும் பச்சை இல்ல. சிவப்போடதுதான் சரி."

ஒருவர் தூக்கு மூடியைப் போட்ட சத்தம் கேட்டது. அந்த ரூமில் ஏன் அன்றைக்குக் காற்று சரியில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சுவர் மூலையைத் தாண்டி ஏழெட்டு அடியில் மெஷின் ரூம் கதவு திறந்திருந்தது. அங்கே புருஷன் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான், எதுவரைக்கும் கேட்டான் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்ட மாதிரிதான் இருந்தது.

நாத்தனார் தன் மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தாறு நாள் நம்பிய புள்ளி. பிறகு கோட்டைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அண்ணி பக்கத்தில் வந்து சுவரில் கையைப் பதித்தாள். "உங்க மேல கோவம்தான்" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "அத அப்புறம் பேசிக்கிறேன்." அவளுக்குப் பின்னால் மூன்றாம் கிடங்குப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஏற்றி இறக்குகிறவர்கள் வந்தார்கள். கடைசியில் பட்டையே இல்லாத சிவப்பும் வந்து, சும்மா இருக்கப் பிடிக்காமலோ என்னவோ, வெறுங்கையைச் சுவரில் வைத்து நின்றான். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். சுவர் நின்ற இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

நாளெல்லாம் பை நிரப்புகிறவர்களின் பட்டைக்கு வயிறு நிறைந்திருக்கும், வடிய நேரமாகும். நர்சம்மாவின் கைக்கு அவ்வளவு வேலை இல்லை. முதலில் அவளுடைய பச்சைதான் மங்கியது. ஒரு தடவை துடித்துவிட்டு அணைந்தது. கையை எடுத்தாள். தோளெல்லாம் வலித்தது. முற்றத்தின் நடுவுக்குப் போய், மணிக்கட்டை மூன்று தடவை மடக்கி நிமிர்த்தினாள். புதுப் பச்சை எரிந்தது. மாடியில் ஆபீஸ் கதவு திறக்கிற சத்தமும், இரும்புப் படிக்கட்டில் செருப்புச் சத்தமும் கேட்டன. என்ன அங்கே கூட்டம் என்று மேனேஜரின் குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெஷின் ரூம் கதவை நோக்கி நடந்தாள். சுவரோடு ஒட்டி நின்றவர்களால் கையை எடுக்க முடியாது. கழுத்தை மட்டும் திருப்பி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவுக்கு இரண்டடி இருக்கும்போது அது சிவந்தது.

புருஷன் வழியை விட்டு விலகவில்லை. சிவப்பு அவன் சட்டை மார்புக்கு நேராக எரிந்தது. அவன் அதைப் பார்த்தான், அவள் தோளுக்கு மேலாகச் சுவரில் கை வைத்து நின்ற தங்கையைப் பார்த்தான். பீப்பாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, இனியும் பேச மாட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கீழ்ப் படிக்கு வந்துவிட்டது. அவனுடைய இடது கை மெதுவாக எழுந்து வலது கை மணிக்கட்டுக்குப் போயிற்று. சட்டைக் கைக்குள் இருந்த அவனுடைய பட்டையை மூடிக்கொண்டு, தங்கை தைத்துக் கொடுத்த பொத்தான் அங்கே இருந்தது. ஆயில் படிந்த விரல்கள் அதன் மேல் வழுக்கின. அவன் அதைப் போடுகிறானா கழற்றுகிறானா என்று அவ்வளவு பக்கத்தில் நின்றும் அவளுக்குத் தெரியவில்லை. கையைத் தாழ்த்தாமல் நின்றாள்.